திருகோணமலையில் கதிர்வீச்சுப் பயம் காட்டி மொனிட்டர் விற்கிறார்கள், கவனம்

பழைய மொனிட்டரைத் திருத்தக் கொடுக்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

உவர்மலையில் இருக்கும் என் அக்கா வீட்டில் பல வருடம் பாவித்த தட்டை மொனிட்டர் ஒன்று இருந்தது. போட்டதும் கொஞ்ச நேரம் மினுங்கும், அப்புறம் சரியாகிவிடும். போகப் போக மினுங்கல் நிற்கவே இல்லை. ஏ.எல். படிக்கும் மருமகளுக்குத் தலையிடி வரத் தொடங்கியது. அக்கா அதை நகரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனார்.

கடைக்காரர் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. "அக்கா, பழசானா இதுல கதிர்வீச்சு கசியும். பிள்ளைய முன்னால இருத்தாதீங்க, கண் போயிரும், கான்சரும் வரலாம்" என்றாராம். பிள்ளை என்றால் எந்தத் தாய்க்குத்தான் பதறாது? பாவித்த மொனிட்டர் ஒன்றுக்கு 22,000 ரூபாய், அதன் முன்னால் மாட்ட 'கதிர் தடுக்கும் கண்ணாடி' 4,500, பழையதைப் 'பாதுகாப்பாக அழிக்க' 2,000. பில் கேட்டதற்கு, பாவித்த சாமானுக்குப் போடுவதில்லையாம்.

பிறகு நான் அங்கே போனபோது, அழித்ததாகச் சொன்ன மொனிட்டர் மேசையில் ஓடிக்கொண்டிருந்தது, விற்பனைக்கு. மருமகள் ஓரத்தில் ஒட்டிய பூ ஸ்டிக்கரைக்கூட எடுக்கவில்லை. "கப்பாசிற்றர் மாத்தினது, இப்ப நல்லா வேலை செய்யுது" என்றார் அங்கே நின்ற பையன்.

கோளாறு அவ்வளவுதான். மின்சாரம் கொடுக்கும் பலகையில் உள்ள கப்பாசிற்றர்கள், அதாவது மின்னைத் தேக்கிவைக்கும் சிறு பாகங்கள், சூட்டில் காய்ந்து, தலை உப்பிப் போகும். மினுங்கலுக்கு அது மிகச் சாதாரணமான காரணம். தட்டை மொனிட்டரில் எக்ஸ் கதிர் உண்டாக வழியே இல்லை. அந்தப் பேச்சு, பின்பக்கம் பெட்டிபோலப் பருத்த பழைய குழாய் மொனிட்டர் காலத்தது. அதற்குள் சுமார் 25,000 வோல்ற் இருக்கும். எலெக்ட்ரோன்கள் மோதும்போது சிறிதளவு எக்ஸ் கதிர் வரும். அதை மறிக்கத்தான் குழாயின் கண்ணாடியிலேயே ஈயம், பேரியம் எல்லாம் கலந்தார்கள். அப்படிப்பட்ட குழாய்கூடப் பழசாகி மங்கினால் கதிர் கூடுவதில்லை.

மருமகளின் தலையிடி உண்மைதான். மினுங்கும் திரையை மணிக்கணக்கில் பார்த்தால் கண் களைக்கும், தலை இடிக்கும். இமைக்க மறந்து உற்றுப் பார்ப்பதால் கண் காய்ந்தும் போகும். திரையைத் திருத்தியோ மாற்றியோ விட்டால் தணிய வேண்டும். தணியாவிட்டால் கண் வைத்தியரிடம் காட்டுங்கள். அதற்கு 4,500 ரூபாய்க் கண்ணாடி தேவையில்லை.

பயப்பட வேண்டியது மின்சாரத்துக்கு. கருகிய மணம், புகை, 'சட சட' என்ற சத்தம் வந்தால் பிளக்கைக் கழற்றிவிட்டு மறுபடி போடாதீர்கள். பின்மூடியை வீட்டில் திறக்கவே வேண்டாம். குழாய் மொனிட்டரில் பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்னேற்றம் தங்கியிருக்கும், தூக்கி அடிக்கும். எல்ஈடி வருவதற்கு முந்திய தட்டை மொனிட்டர்களின் மெல்லிய விளக்குக் குழாய்களில் கொஞ்சம் பாதரசம் உண்டு. அதனால் அவற்றை உடைத்துக் குப்பையில் போடாதீர்கள்.

திருத்தக் கொடுக்கும்போது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாற்றிய சாமானைக் கையில் வாங்குங்கள், மொனிட்டரின் தொடர் இலக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். பாவித்த சாமானாக இருந்தாலும் பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

அக்கா நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு செய்திருக்கிறார். உங்களுக்கும் யாராவது இந்தக் கண்ணாடியை விற்றிருந்தால் எறியாமல் வைத்துக்கொண்டு நீங்களும் அழையுங்கள்.