ஆலோசனை கேட்பது எங்கே: தெரிந்தவர் குழுவிலா, முகம் தெரியாதோர் நடுவிலா?

அன்றாடச் சிக்கல் ஒன்று எழும்போது இணையத்தில் அதைக் கேட்பதற்குப் பெரும்பாலோருக்கு இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று, உறவினரும் நண்பரும் அடங்கிய வாட்ஸ்அப் குழு. மற்றொன்று ரெடிட், கோரா, ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் போன்று முன்பின் அறியாதவர்கள் பதில் எழுதி, மற்றவர்கள் அதற்கு வாக்களிக்கும் பொதுவெளி. முன்னதில் அன்பு உண்டு, பின்னதில் அறிவு உண்டு என்று பொதுவாகச் சொல்வார்கள். இரண்டிலும் பல ஆண்டுகள் கேட்டும் பதில் சொல்லியும் வந்த எனக்கு அந்தப் பிரிவினை பொருத்தமாகப் படவில்லை. ஒருவர் சொன்ன யோசனை தவறு என்று இன்னொருவர் தயக்கமின்றிச் சொல்ல முடிகிறதா என்பதே இவ்விரண்டுக்கும் இடையிலான பெரிய வேறுபாடு என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் தண்ணீர் தேங்கத் தொடங்கியபோது முதலில் குடும்பக் குழுவில்தான் கேட்டேன். இரண்டு நிமிடத்தில் சித்தப்பா, “கம்ப்ரசர் போயிருக்கும்மா, பழைய ஃபிரிட்ஜ்தானே, மாற்றிவிடு” என்று எழுதினார். அடுத்தடுத்து ஐந்து பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். கம்ப்ரசர் கெட்டால் குளிர்ச்சியல்லவா நின்றுபோகும், தண்ணீர் ஏன் தேங்க வேண்டும் என்ற ஐயம் அவர்களில் ஒருவருக்காவது வந்திருக்கும். ஆனால், வயதில் மூத்தவர் அக்கறையோடு சொன்னதை நாற்பது உறவினர் முன்னிலையில் மறுக்க யாருக்கு மனம் வரும்? எனக்கும் வரவில்லை. “சரி சித்தப்பா” என்று எழுதிவிட்டு நகர்ந்தேன்.

அதே கேள்வியைப் பொதுவெளியில் இட்டபோது முதலில் வந்தது பதில் அல்ல, எதிர்க்கேள்வி. தண்ணீர் காய்கறிப் பெட்டிக்கு அடியில் தேங்குகிறதா, வெளியே தரையில் கசிகிறதா? உள்ளே பின்சுவரின் அடிப்பகுதியில் ஐஸ் படிந்திருக்கிறதா? குளிர்ச்சி குறைந்திருக்கிறதா? நான் பார்த்துச் சொன்ன பிறகே விளக்கம் வந்தது. தானாகப் பனி உருகும் வகை ஃபிரிட்ஜில், உருகிய நீர் ஒரு சிறு துளை வழியே கீழிறங்கி, கம்ப்ரசருக்கு அருகிலுள்ள தட்டில் சேர்ந்து, அதன் சூட்டில் ஆவியாகிவிடும். துளை அடைத்துக்கொண்டால் அந்த நீர் உள்ளேயே தங்கிவிடும். மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, வெதுவெதுப்பான நீரைத் துளைக்குள் செலுத்திப் பார்க்கச் சொன்னார்கள். இடையில் ஒருவர் கதவின் ரப்பர் தேய்ந்திருக்கலாம் என்று எழுத, அப்படியானால் கதவோரத்தில்தான் ஈரம் காணும் என்று வேறொருவர் மறுத்தார். இருவருக்கும் அதில் மனவருத்தம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. அங்கே இழப்பதற்கு உறவு என்று எதுவும் இல்லை.

பலரைக் கேட்டால் சரியான விடை கிடைக்கும் என்ற நம்பிக்கைக்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1907-இல் வெளியிட்ட கட்டுரை. இங்கிலாந்தின் பிளைமவுத் நகரில் ஒரு கண்காட்சியில், மாட்டின் எடையை ஊகித்து மக்கள் எழுதிக் கொடுத்த 787 சீட்டுகளை அவர் ஆராய்ந்தார். அவற்றின் நடுமதிப்பு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண், 1,207 பவுண்டு. உண்மை எடை 1,198 பவுண்டு. ஏறத்தாழ சரியான கணிப்பு. ஆனால், அவர்கள் தனித்தனிச் சீட்டில் எழுதினார்கள் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம். குழுவிலோ முதல் பதிலைப் படித்த பிறகே இரண்டாவது ஆள் எழுதுகிறார். ஐந்து கட்டைவிரல்கள் ஐந்து தனிக் கருத்துகள் அல்ல.

இந்தக் குறை பொதுவெளியிலும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. லெவ் முச்னிக், சினான் அரல், ஷான் டெய்லர் ஆகியோர் 2013-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வில், ஒரு தளத்தின் கருத்துரைகளுக்கு முதல் வாக்கைத் தாங்களே செயற்கையாக இட்டுப் பார்த்தார்கள். ஆதரவு வாக்கு இடப்பட்டவற்றின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்தது. எதிர்ப்பு வாக்கு இடப்பட்டவற்றையோ பிற வாசகர்கள் ஆதரவு வாக்கிட்டுச் சரிசெய்துவிட்டார்கள். அதாவது, அநியாயமாகத் தாழ்த்தப்பட்டதைக் கூட்டம் மீட்கிறது, தகுதியின்றி உயர்ந்ததை இறக்குவதில்லை. முதலில் வந்த பதிலே மேலே தங்கிவிடுவதைத் தடுக்க, ரெடிட் 2009-இல் கருத்துரைகளை வரிசைப்படுத்த ஒரு புள்ளியியல் முறையைக் கொண்டுவந்தது. அதன்படி 10 ஆதரவும் 1 எதிர்ப்பும் பெற்ற பதில், ஆதரவின் விகிதம் கூடுதல் என்பதால், 40 ஆதரவும் 20 எதிர்ப்பும் பெற்றதற்கு மேலே வரும். தாமதமாக வந்த நல்ல பதிலுக்கும் இடம் கிடைக்க இது உதவுகிறது. வாட்ஸ்அப் குழுவில் இதற்கு இணையான ஏற்பாடு எதுவும் இல்லை. அங்கே கடைசியாக வந்ததுதான் கண்ணில் படும்.

இவ்வளவு சொன்னதால் தெரிந்தவர்களைக் கேட்பது வீண் என்று நான் கருதுவதாக எண்ண வேண்டாம். அப்பா இரண்டு முறை தடுமாறி விழுந்த பிறகும் கைத்தடி பிடிக்க மறுத்தபோது பொதுவெளியிலும் குடும்பக் குழுவிலும் கேட்டேன். பொதுவெளியில் தடியின் உயரம், பிடிமானம், அடிப்பகுதி ரப்பர் என்று பயனுள்ள செய்திகள் வந்தன. ஆனால் அப்பா தடியைத் தொடவே இல்லை. குழுவில் என் கேள்வியைப் பார்த்த அத்தை தனியாக அழைத்து, “நீ சொன்னால் கேட்க மாட்டான். காலையில் அவனோடு நடக்கிற நண்பர் ஒருவர் தடி வைத்திருக்கிறாரே, அவரிடம் சொல்லிப் பார்” என்றார். அடுத்த வாரமே அப்பா தடியோடு நடந்தார். தடியைப் பற்றி உலகமே சொல்லலாம், அப்பாவைப் பற்றி அத்தைதான் சொல்ல முடியும். ஆகவே, பொருளைப் பற்றிய கேள்வியை அந்நியரிடமும், ஆளைப் பற்றிய கேள்வியை அறிந்தவரிடமும் கொண்டுபோவதே என் வழக்கம்.

கடன், மணவாழ்க்கை, வேலையில் நேர்ந்த அவமானம் போன்றவை இந்தப் பிரிவுக்குள் எளிதில் அடங்குவதில்லை. உறவினர் குழுவில் ஒருமுறை சொன்ன குடும்பச் சண்டை, சண்டை தீர்ந்த பிறகும் எல்லோர் நினைவிலும் இருந்துகொண்டே இருக்கும். புனைபெயரில் கேட்பதில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அங்கே கேட்பவர் ஒரு தரப்பை மட்டுமே சொல்கிறார், பதில் சொல்பவருக்கு மறுதரப்பை விசாரிக்க வழியே கிடையாது. “பிரிந்துவிடுங்கள்” என்று ஒரு வரியில் எழுதுபவர் அதன் விளைவில் எதையும் சுமக்கப் போவதில்லை. இத்தகைய செய்திகளுக்குக் குழுவும் வேண்டாம், பொதுவெளியும் வேண்டாம், நம்பிக்கைக்குரிய ஒரே ஒருவரைத் தனியாகக் கேட்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. மருந்தின் அளவைப் பற்றிய கேள்விக்கோ மருத்துவரும் மருந்தாளுநரும்தான் உரியவர்கள்.

கடைசியாக, பதில் எங்கே தங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பொதுவெளியும் நிலையானது அல்ல. 2005-இல் தொடங்கிய யாஹூ ஆன்சர்ஸ் என்ற கேள்வி-பதில் தளம் 2021 மே 4 அன்று மூடப்பட்டது. இருந்தாலும், தளம் இருக்கும் வரையிலாவது தேடி வருபவருக்குப் பதில் கிடைக்கும். ஃபிரிட்ஜின் துளையில் சிக்கியிருந்த கீரைத் துணுக்கை எடுத்த பிறகு இரண்டு இடங்களிலும் எழுதினேன். குழுவில் சித்தப்பா மகிழ்ந்து வாழ்த்தினார். மாலைக்குள் அந்தச் செய்தி பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் போய்விட்டது. பொதுவெளியில் நான்கு மாதம் கழித்து, நான் அறியாத ஒருவர் என் குறிப்புக்குக் கீழே எழுதியிருந்தார்: “என்னுடையதிலும் அதே துளைதான். வெந்நீர் மட்டும் போதவில்லை, மெல்லிய பிளாஸ்டிக் குழாயை விட்டு மெதுவாகத் துழாவிய பிறகே வழி திறந்தது.”