சைடு ஆர்ம் குச்சி: வாக்னரின் பவுன்சரை நம்மூர் நெட்டில் கொண்டுவர முடியுமா?

கிரிக்கெட் பயிற்சியில், நுனிக் கிண்ணத்தில் பந்தை வைத்து வீசி எறியும் நீளமான பிளாஸ்டிக் குச்சிதான் சைடு ஆர்ம். வேகப்பந்து வேண்டும் என்று மட்டும் நினைத்து அதை வாங்குகிறவர்களுக்கு அதன் பாதிப் பயன்தான் கிடைக்கிறது. அதன் உண்மையான பலம் வேறு. ஷார்ட்டாகக் குத்தி விலாவுக்கும் தோளுக்கும் நடுவே ஏறும் பந்தை, கை ஓய்ந்துபோகாமல் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் போடலாம்.

நியூசிலாந்தின் இடதுகை வேகப்பந்து வீச்சாளர் நீல் வாக்னரின் ஆயுதமே அந்தப் பந்துதான். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்து, 2008-இல் நியூசிலாந்துக்குப் போய் அங்குள்ள ஒட்டாகோ அணிக்கு ஆடி, 2012-இல் அந்நாட்டின் டெஸ்ட் தொப்பியை வாங்கினார். 2024-இல் ஓய்வு பெற்றபோது 64 டெஸ்டில் 260 விக்கெட். வேகம் பெரும்பாலும் 130 கிலோமீட்டரைச் சுற்றித்தான். சக பவுலர்கள் போல்ட்டும் சவுதியும் புதுப்பந்தை ஸ்விங் செய்து முடித்த பிறகு, பழைய பந்தை வாங்கி, லெக் சைடில் ஆளை நிறுத்தி, மூச்சு வாங்க வாங்க உடம்பைக் குறிவைத்துக் குத்துவார். 2019-20 ஆஸ்திரேலியத் தொடரில் ஸ்டீவ் ஸ்மித்தின் 5 இன்னிங்ஸில் 4 அவரிடமே முடிந்தன. 2020 டிசம்பரில் பாகிஸ்தானுக்கு எதிராக, கால்விரல்கள் முறிந்த நிலையிலும் ஊசி போட்டுக்கொண்டு வீசினார்.

குச்சிக்கு வருவோம். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது நுனியில் இருக்கும் கிண்ணம். ஆண்கள் ஆடும் தோல்பந்தின் சுற்றளவு 22.4 முதல் 22.9 செ.மீ. சிறுவர் பந்து 20.5 முதல் 22 வரைதான். பெரிய பந்துக்கான கிண்ணத்தில் சிறிய பந்தை வைத்தால் கை மேலே இருக்கும்போதே நழுவி, தரையில் குத்தாமலே பீமராக நேரே முகத்துக்குப் போகும். பிள்ளைகளின் நெட்டில் இதுதான் பெரிய ஆபத்து. அவர்களுக்குத் தனிக் குச்சி வாங்குங்கள். கிண்ணம் இறுக்கமாக இருந்தால் பந்து தாமதமாக வெளியேறி, எறிபவரின் காலடியிலேயே குத்தும். புதுக் குச்சியில் இது சகஜம். ஓர் இரவு பந்தை உள்ளேயே வைத்துவிட்டால் கொஞ்சம் இளகும். வெயிலில் வண்டிமேல் போட்டுவைத்தால் பிளாஸ்டிக் வெடித்து, விளிம்பு பிளந்துவிடும். விளிம்பில் கீறல் தெரிந்தாலே தோல்பந்துக்கு அதை எடுக்கக் கூடாது.

பந்தை வைக்கும்போது தையல் நிமிர்ந்து, பேட்ஸ்மேனை நோக்கி இருக்கட்டும். கடற்காற்று எழும் மாலையில் பந்து ஈரம் பிடிக்கும். துண்டால் துடைக்காமல் வைத்தால் எப்போது நழுவும் என்று சொல்லவே முடியாது.

புதுச்சேரியின் துத்திப்பட்டு மைதானம் மாதிரி டர்ஃப் ஆடுகளம் எல்லோருக்கும் வாய்க்காது. சிமென்ட் தரையில் கயிற்று மேட் விரித்த நெட்டில் பந்து கூடுதலாக எழும். பந்து குத்த வேண்டிய இடமாக, பேட்டிங் ஸ்டம்பிலிருந்து 8 மீட்டரில் ஒரு கோடு போட்டுத் தொடங்குங்கள். தலைக்கு மேல் போனால் கோட்டைப் பேட்ஸ்மேன் பக்கம் அரை அரை மீட்டராக நகர்த்தி, நெஞ்சு உயரம் வரும் இடத்தைப் பிடியுங்கள். மேட் தொய்ந்திருந்தால் ஒரு பந்து எழும், அடுத்தது தாழும். இழுத்து ஆணி அடித்த பிறகே பயிற்சி. எறிபவர் நிற்கும் இடம் பவுலிங் கிரீஸ். வேகம் போதவில்லை என்று நாலைந்து அடி முன்னால் வந்தால் பந்து விரைவாக வரும், ஆனால் குத்தி எழும் கோணம் மாறிப்போகும்.

வாக்னரின் இடதுகைக் கோணம்தான் சிக்கல். இந்திய அணி இதற்காகவே இலங்கையைச் சேர்ந்த, இடது கையால் குச்சியில் எறியும் நுவான் செனவிரத்னேவை வைத்துக்கொண்டது. வலதுகைக்காரர் எறிவதானால் ஸ்டம்புக்கு மறுபக்கம், அதாவது ரவுண்ட் த விக்கெட் வந்து எறியலாம். பந்து புறப்படும் பக்கம் ஏறக்குறைய சரியாகும். கை வரும் விதம் மட்டும் சரியாகாது.

ஓட்டம், தாவல், மணிக்கட்டு எதையும் குச்சி காட்டாது. அதனால் வாரத்தில் ஒரு நாளாவது நிஜ இடதுகைப் பவுலரை ஆடுவது அவசியம். எறிபவரின் தோளுக்கும் எல்லை உண்டு. முப்பது நாற்பது பந்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். கழுத்துக் காப்புள்ள ஹெல்மெட் இல்லாமல் யாரையும் நிறுத்த வேண்டாம், முதல் சில நாள் செயற்கைப் பந்தே போதும். பிறகு ஓவருக்கு நாலைந்து ஷார்ட் பந்துக்கு நடுவே, சொல்லாமல், காலடியில் விழும் ஒரு யார்க்கர் எறியுங்கள். பின்னங்காலிலேயே நின்றுவிட்ட பேட்ஸ்மேன் யார் என்று அதில் தெரிந்துவிடும்.