கூறையின் சிவப்பும் நான்கு மொனிட்டர்களும்

கல்யாண வீடியோ ஒன்றை முடித்து ரொறன்ரோவுக்கு அனுப்பி இரண்டு நாள் இருக்கும், மணப்பெண்ணின் பெரியம்மா அழைத்தார். "தம்பி, எல்லாம் வடிவாத்தான் இருக்கு. ஆனா கூறை ஏன் இப்பிடி வெளிறிப்போய்க் கிடக்கு?" என்று கேட்டார். என் திரையில் அந்தக் கூறை நெருப்பு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. எரிகிறதே என்று நான்தான் சிவப்பைக் குறைத்திருந்தேன்.

பிழை மொனிட்டரில் இருந்தது. 27 அங்குல வளைந்த கேமிங் மொனிட்டர், "அகன்ற நிற வரம்பு" என்று பெட்டியில் பெருமையாகப் போட்டிருந்தார்கள். நாம் யூடியூபுக்கும் ரிவிக்கும் போனுக்கும் கொடுக்கும் சாதாரண வீடியோ ரெக் 709 என்ற அளவுகோலில் ஓடுகிறது. வெள்ளை டி65 (பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை), காமா (கறுப்பிலிருந்து வெள்ளைக்கு வெளிச்சம் ஏறும் விதம்) 2.4, வெளிச்சம் 100 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவில். கூடுதல் நிறங்களைக் காட்டக்கூடிய அகன்ற வரம்புத் திரையின் சிவப்பு அந்த அளவுகோலின் சிவப்பைவிட ஆழமானது. இடையில் யாரும் மாற்றிக் கொடுக்காவிட்டால் ரெக் 709 வீடியோவின் எல்லா நிறமும் கூடுதலாகத் தெரியும். விண்டோஸில், நாம் நிறம் திருத்தும் மென்பொருளான டாவின்சி ரிசால்வ் தானாக இதைத் திருத்தாது. ஆகவே கூடுதலாகக் காட்டும் திரையை நம்பிக் குறைக்கிறோம். பார்க்கிறவருக்கு வெளிறிய கூறை போகிறது.

இனி வீட்டில் கலர் பார்க்கிறவர், அதாவது வீடியோவின் நிறத்தைத் திருத்துகிறவர், வாங்கக்கூடிய நான்கு வகைகள்.

முதலாவது, இந்தக் கேமிங் வகை, பெரும்பாலும் விஏ என்ற வகைப் பேனல். கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 3000:1 அளவில் இருப்பதால் கறுப்பு நல்ல கறுப்பாக வரும், விலையும் கைக்குள் நிற்கும். ஆனால் தலையைக் கொஞ்சம் அசைத்தால் நிழல் பகுதி மாறிவிடும். நேரே பார்க்கும்போது மாப்பிள்ளையின் தலைமயிர் ஒரே கறுப்புத் திட்டு, பக்கத்தில் சாய்ந்தால் இழை இழையாகத் தெரிகிறது. எது உண்மை? ரெக் 709இன் அதே நிற வரம்புக்குள் திரையை அடக்கும் எஸ்ஆர்ஜிபி மோடுக்குப் போகலாம் என்றால் பல மொனிட்டர்களில் அந்த மோடில் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ விடாது. வெட்டி ஒட்டும் எடிட்டிங் வேலைக்கு இது போதும். கலருக்கு வேண்டாம் என்பேன்.

இரண்டாவது, ரெக் 709ஐ மட்டும் ஒழுங்காகக் காட்டும் ஐபிஎஸ் என்ற வகைப் பேனல். அசூஸ் புரோஆர்ட் பிஏ278கியூவி இதற்கு நல்ல உதாரணம்: 27 அங்குலம், 2560×1440, ரெக் 709 முழுதும், ஆலையிலேயே டெல்டா ஈ (நிறப் பிழையின் அளவு) 2க்குக் கீழே அளவுபார்த்து அனுப்புகிறார்கள். 4கே வேண்டுமென்றால் பிஏ279சிவி, பென்கியூவில் பிடி2700யூ. 4கே எடுப்பதில் ஒரு நன்மை உண்டு. 1080 படம் 4கே திரையில் ஒரு புள்ளிக்கு நான்கு புள்ளி என்று சரியாக உட்காரும். 1440 திரையில் அப்படி உட்காராது, ஃபோகஸ் கூர்மையை நம்பிப் பார்க்க முடியாது. குறை, கறுப்புத்தான். 1000:1 என்றால் 100 நிட்டில் கறுப்பு 0.1 நிட் என்று ஆகிறது. இருட்டறையில் அது சாம்பலாகத் தெரியும். நல்லூர்த் திருவிழாவின் இரவுக் காட்சியைத் திருத்தும்போது வானம் சாம்பலாக நிற்க, கை தானாக நிழலை இறக்கப் போகும். திரைக்குப் பின்னால் 6500 கெல்வின் வெள்ளை லைற் ஒன்றை மங்கலாக வைத்தால் கண்ணுக்குக் கறுப்பு கறுப்பாகும்.

மூன்றாவது, அகன்ற வரம்பும் உள்ளே சேமிக்கும் காலிப்ரேஷனும் (அளந்து நிறத்தைச் சரிசெய்தல்) உள்ளவை. பென்கியூ எஸ்டபிள்யூ271சி, ஐசோ கலர்எட்ஜ் வரிசை போன்றவை. அளந்த திருத்தம் மொனிட்டருக்குள்ளேயே பதிவதால் எந்தக் கணினியைப் பொருத்தினாலும் ரெக் 709 ரெக் 709ஆகவே வரும். அகன்ற வரம்பின் தொல்லை இங்கே இல்லை. ஐசோவின் சிஜி மொனிட்டர்களில் அளக்கும் சென்சர் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அச்சுப் படமும் செய்கிற ஸ்டூடியோக்காரர் என்றால் இதுவே சரி. கல்யாணம், சாமத்தியவீடு, கோயில் வீடியோ மட்டும் செய்கிறவர் இந்தப் பணத்தில் பாதியைக் கமராவின் லென்சில் போடலாம்.

நான்காவதுதான் மனசை இழுப்பது: 42 அங்குல ஓலெட் ரிவி, எல்ஜி சி2 மாதிரி. கறுப்பு உண்மையான கறுப்பு. படத்தை எடுத்தபடியே காட்டும் ஃபிலிம்மேக்கர் மோடில் போட்டால் வியக்க வைக்கும். ஆனால் இரண்டு சிக்கல். ஒரு ஃபிரேமை நிறுத்தி வைத்து முகநிறம் பார்த்துக்கொண்டிருந்தால் ரிவி, படம் அசையவில்லையென்று தானாக மெல்ல மங்கும். நாம் மங்கியதைப் பார்த்துக் கூட்டிவிடுவோம். இரண்டாவது சிக்கலை நம்மூர்ப் பழக்கம் கூட்டுகிறது. ஓலெட் பேனல் பயன்பாட்டுக்குப் பிறகு ஸ்டான்ட்பையில் நிற்கும்போது தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். நாமோ மழை இடி என்று சுவரில் சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் கழற்றிவிட்டுத்தான் படுப்போம். அந்தச் சுத்திகரிப்பு நடக்காமலே போகும். ரிசால்வின் பட்டன்களும் கோடுகளும் நாள் முழுக்க அதே இடத்தில் நின்றால் தடம் பதியும் அபாயமும் உண்டு. ஆகவே ஓலெட்டைக் கணினியின் திரையாக வைக்காமல், படம் மட்டும் போகும் இரண்டாவது திரையாக வைக்கலாம். பிளாக்மேஜிக் அல்ட்ராஸ்டூடியோ மொனிட்டர் 3ஜி போன்ற சின்னப் பெட்டி, விண்டோஸையும் மக்கையும் தாண்டி, படத்தை நேரடியாக 1080பி60 வரை அனுப்பும். இலவச ரிசால்வும் அதை ஏற்கும். பார்க்க வருகிற மணமக்கள் குடும்பத்துக்கு அந்த ரிவியில் போட்டுக் காட்டினால் அவர்களுக்கும் மகிழ்ச்சி.

பெட்டியில் எச்டிஆர் 400 (கூடுதல் வெளிச்ச வீச்சுள்ள வீடியோ, உச்சம் 400 நிட்) என்ற முத்திரையைப் பார்த்து யாரும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். எச்டிஆர் வேலை பெரும்பாலும் 1000 நிட் உச்சத்தை வைத்துத்தான் செய்யப்படுகிறது.

என் தேர்வு இரண்டாவது. கூடவே திரையின் நிறத்தை அளக்கும் கலர்மீட்டர் ஒன்று, கலிபிரைட்டோ ஸ்பைடரோ. மொனிட்டரை அரை மணி நேரம் சூடாக விட்டு, திரையை இலேசாகப் பின்னால் சாய்த்து, அந்தக் கருவியை நடுவில் தொங்கவிட்டால் பின்பக்கத்து எடை அதை இறுக்கிப் பிடிக்கும். சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் என்று நிறங்கள் ஒவ்வொன்றாக வந்துபோகும். அளக்கும் மென்பொருளான டிஸ்ப்ளேகால் இலவசம். அதில் செய்யும் 3டி எல்யூடியை (நிறத்தைத் திருத்தும் அட்டவணைக் கோப்பு) ரிசால்விலேயே ஏற்றலாம். புதிய மொனிட்டர் வாங்க இப்போது வசதியில்லாதவர் முதலில் கருவியைக் கடன் வாங்கியாவது தன் திரையை அளக்கட்டும்.

அறையையும் விடமுடியாது. எங்கள் வீடுகளில் சுவர்கள் பச்சையும் ரோசும். பச்சைச் சுவரின் நிறம் திரையில் விழுந்து கண்ணை ஏமாற்றும். நான் மேசைக்குப் பின்னால் உள்ள சுவரை மட்டும் சாம்பல் பெயின்ற் அடித்தேன், ரியூப் லைற்றைக் கழற்றினேன். ஜன்னல் திறந்த நண்பகலில் கலர் பார்ப்பதில்லை. வெளிச்சத்தில் நிழல் கண்ணுக்குத் தெரியாமல் நாம் தூக்கிவிடுவோம். இரவில் பார்ப்பவருக்குப் படம் புகைமூட்டம் போல இருக்கும். கரண்ட் போகும் ஊருக்கு யூபிஎஸ் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் இருட்டில் இருந்த நமக்கு அதை யாரும் சொல்லத் தேவையில்லை.

நல்ல மொடல்கள் யாழ்ப்பாணத்துக் கடையில் இருப்பது அரிது, கொழும்பு பம்பலப்பிட்டியில்தான் தேட வேண்டியிருக்கிறது. அங்கே வாங்குகிறவர் கடையிலேயே பெட்டியைப் பிரித்து, கறுப்பு, வெள்ளை, மங்கிய சாம்பல் என்று மூன்று படத்தை முழுத்திரையில் போட்டுப் பாருங்கள். பென்டிரைவில் கொண்டுபோனால் போதும். சாம்பலில் ஒரு பக்கம் ரோஸாகத் தெரிந்தால், அல்லது கறுப்பில் மூலை ஒன்று விடிந்தால், அந்த இடத்திலேயே மாற்றிக் கேளுங்கள். இரவு பஸ்ஸில் வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தால், திரும்ப ஒரு நாள் கொழும்புக்குப் போக வேண்டிவரும்.