வெயிலா, ஸ்ப்ரேயா, சுடுதண்ணியா? நிலாவெளியிலிருந்து கூடவே வந்த கடிக்கு எது சரி

ஆகஸ்ட் விடுமுறையில் இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் நிலாவெளிக்குப் போய், கடலுக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் மூன்று இரவு தங்கினோம். நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், மாமியார். திரும்பி எங்கள் மலைநாட்டு ஊரான ஹட்டனில் இறங்கிய மூன்றாம் நாள் மகளின் முதுகிலும் காலிலும் சிவப்புத் தடிப்புகள். மறுநாள் எனக்கும் வந்தது. மகனுக்கும் வீட்டுக்காரருக்கும் ஒன்றும் இல்லை. "உப்புத் தண்ணி பட்ட உடம்பு, ரெண்டு நாளில அடங்கிரும் புள்ள" என்றார் மாமியார். நானும் நம்பினேன், கடற்கரையில் சாயங்காலம் கணுக்காலைக் கடிக்கும் பொடி ஈக்களை நானே பார்த்திருந்தேன்.

அடங்கவில்லை. ஆறாம் நாள் காலையில் மகளின் கழுத்தில் புதிதாக மூன்று, மணிக்கட்டில் இரண்டு. நிலாவெளியில் புழுக்கத்துக்குப் போர்வை இல்லாமல் படுத்தோம், அதனால் முதுகு, கால் எல்லா இடமும் கடி. இங்கே தலையை மட்டும் வெளியே விட்டுக் கம்பளிக்குள் சுருண்டு படுக்கிறோம், கடி கழுத்திலும் கையிலும் மட்டும். கடல் ஈ ஹட்டன் வரைக்கும் வந்து, கம்பளிக்கு வெளியே தெரியும் இடமாகப் பார்த்துக் கடிக்காது. சூட்கேஸின் உள்துணியைத் தையல் ஓரமாகப் பிரித்துப் பார்த்தேன். பேனா முனையால் தொட்டு வைத்த மாதிரி கரும்புள்ளிகள், ஒரு காய்ந்த தோல், அப்புறம் உயிரோடு ஒன்று. மூட்டைப்பூச்சி.

அதன் பிறகு ஆறு வாரம் நாங்கள் செய்து பார்த்ததைத்தான் ஒப்பிட்டு எழுதுகிறேன். எங்கள் வீடு லயன் காம்பரா, தேயிலைத் தோட்டத்தில் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். நான் எந்தப் பக்கம் சாய்ந்து எழுதுகிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: சுடுதண்ணி.

முதலில் தோலைப் பற்றிச் சுருக்கமாக. அரிப்புக்குக் குளிர்ந்த துணி, கலமைன் லோஷன் போதும். இரவில் தூங்க முடியாவிட்டால் பாமசியில் கேட்டு வயதுக்கு ஏற்ற அளவில் செட்ரிசின் குளிசை. தடிப்பு பெரிதாக இருந்தால் 1% ஹைட்ரோகோர்ட்டிசோன் கிறீம், சில நாட்களுக்கு மட்டும், முகத்தில் வேண்டாம். பிள்ளைகளின் நகத்தை வெட்டிவிடுங்கள், சொறிந்து புண்ணாக்கினால்தான் சீழ் பிடிக்கும். மூட்டைப்பூச்சி மனிதருக்கு நோய் பரப்புவதாக நிரூபணம் இல்லை. ஆனால் கடற்கரைப் பக்கம் போய் வந்தவர்களுக்கு வரும் எல்லாமே மூட்டைப்பூச்சியும் இல்லை. நீச்சல் உடுப்பு மூடியிருந்த இடத்தில் மட்டும் தடித்தால், அது கடலில் ஜெலி மீன் குஞ்சுகள் பட்டு வருவதாக இருக்கலாம். காய்ச்சலோடு ஒரு கடிவாய் கறுத்துப் பொருக்குத் தட்டினால் உண்ணி வகைகளால் வரும் காய்ச்சலோ என்று பார்க்க வேண்டும், அன்றைக்கே டொக்டரிடம் போங்கள். வலியே இல்லாத ஒரு கட்டி வாரக்கணக்கில் ஆறாமல் நின்றால், குறிப்பாக அம்பாந்தோட்டை, மாத்தறை, அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் போய் வந்திருந்தால், அது மணல் ஈயால் வரும் லீஷ்மேனியாசிஸ் ஆகலாம். இலங்கையில் 2008 முதல் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய் அது. அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் காட்டுங்கள்.

எங்கள் குழப்பம் இவ்வளவு நீண்டதற்கு ஒரு காரணம் உண்டு. கடித்த அன்றே தடிப்பு வர வேண்டும் என்றில்லை, இரண்டு வாரம் கழித்தும் வரலாம். சிலருக்கு வரவே வராது. மகனும் அவரும் தப்பித்தார்கள் என்றுதான் நினைத்தேன். அவர்களையும் கடித்துத்தான் இருக்கும், உடம்பு காட்டிக்கொடுக்கவில்லை.

சரி, பூச்சிக்கு வருவோம்.

வெயிலைத்தான் எல்லோரும் முதலில் சொன்னார்கள். "மெத்தையைத் தூக்கி வெயில்ல போடு" என்று அம்மா பதுளையிலிருந்து போனிலேயே சொன்னார். பதுளைக்குச் சரி. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது. கிழக்கே கடல் அமைதியாகக் கிடந்து நாம் குளிக்கப் போகும் அதே மாதங்களில்தான் தென்மேல் பருவமழை நம் பக்கத்து மலையில் கொட்டுகிறது. மெத்தையை இஸ்தோப்பில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வானத்தைப் பார்த்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள் வெயில் வந்தது. மேல் துணி சுட்டது, மடிப்புக்குள் விரலை விட்டால் சில்லென்று இருந்தது. இந்தப் பூச்சி சாக 50 பாகை செல்சியஸ் சூடாவது வேண்டும். மேலே சுட்டால் அது உள்ளே நகர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்க வெளிச்சம் உதவியது. கொல்வதற்கு இந்த வெயிலை நம்ப வேண்டாம்.

எங்கள் வரிசையில் இருக்கும் ஒரு அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. பையைக் கொழுந்து வாடப் போடும் மேல்மாடியில் வைத்தால் சூட்டில் செத்துவிடுமா என்று கேட்டேன். அங்கே இலை கருகக் கூடாது என்பதற்காகக் காற்றை இதமான சூட்டில்தான் விடுவார்கள், உடம்புச் சூடு கூட வராது என்றார். அந்த யோசனையும் அத்தோடு போனது.

அடுத்தது ஸ்ப்ரே. டவுனில் கரப்பானுக்கு விற்கும் டின் இரண்டு வாங்கினோம். பிள்ளைகளையும் மாமியாரையும் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கட்டில் சந்து, சுவர் வெடிப்பு, சூட்கேஸ் எல்லாவற்றிலும் அடித்தோம். அன்று நான்கு பூச்சி செத்து விழுந்தது. பதினேழு நாள் ஒரு கடியும் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று நானே வீட்டில் சொன்னேன். பதினெட்டாம் நாள் மகளின் காதோரத்தில் இரண்டு. டோர்ச் அடித்துத் தேடினால், எள்ளை விடச் சின்னதாக, வைக்கோல் நிறத்தில் குஞ்சுகள். வளர்ந்தது ஒன்றைக்கூடக் காணவில்லை.

அந்தக் குஞ்சுகளைப் பார்த்த பிறகுதான் எனக்கு முழுக் கணக்கும் பிடிபட்டது. இந்த ஒப்பீட்டில் வேறு எதையும் மறந்தாலும் முட்டையை மறக்காதீர்கள். ஒரு பெண் பூச்சி நாளுக்கு ஒன்றிரண்டாக முட்டை வைத்துக்கொண்டே இருக்கும், ஆயுளில் சில நூறு. ஒரு மில்லிமீற்றர் நீளம், வெள்ளை நிறம், மரத்திலும் தையலிலும் பசை போட்டு ஒட்டியது போல இருக்கும். தட்டினாலும் உதறினாலும் விழாது. கடை ஸ்ப்ரேயில் பெரும்பாலும் இருக்கும் பைரித்திராய்டு வகை மருந்து முட்டைக்குள் சரியாகப் போவதில்லை. பெரியவை செத்து, வீடு அமைதியாகி, நாம் நிம்மதியாகத் தூங்கும் நேரத்தில் முட்டை பொரிந்துகொண்டிருக்கும்.

மலைநாட்டுக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்ப்ரே பற்றி யாரைக் கேட்டாலும் "பத்து நாளில் மறுபடி அடி" என்பார்கள். சூடான ஊரில் முட்டை ஆறிலிருந்து பத்து நாளில் பொரிந்துவிடும், அந்தக் கணக்கு அது. குளிரில் எல்லாமே மெதுவாக நடக்கும். முட்டை பொரிய இரண்டு, மூன்று வாரம் கூட ஆகும். பத்தாம் நாள் அடித்திருந்தால் முட்டை முட்டையாகவே இருந்திருக்கும். பெரிய பூச்சி சாப்பாடே இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும், குளிர் கூடக் கூட அந்தக் காலமும் நீளும். "இந்தக் குளிரில் தானே செத்துப்போகும்" என்று நினைத்தது எங்கள் பெரிய தவறு. குளிர் அதற்கு ஆயுளைக் கூட்டித்தான் கொடுக்கிறது.

மருந்து சரியாகப் பிடிக்காததற்கு வேறு காரணமும் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இலங்கை மூட்டைப்பூச்சிகளைச் சோதித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், டி.டி.டீ.யிலிருந்து பைரித்திராய்டு வரை பல மருந்துகளுக்கு அவை எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தது தெரிந்தது. சாகாதது மருந்து வாடைக்கு ஓடும். லயனில் எங்கே ஓடும்? சுவர் வெடிப்பு வழியாக அடுத்த காம்பராவுக்கு. என் வீட்டுத் தொல்லையைப் பக்கத்துக் காம்பரா அக்கா வீட்டுப் பிள்ளைகளின் படுக்கைக்குத் தள்ளிவிட்டேனோ என்று நினைத்தபோது மனம் கிடந்து தவித்தது.

மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தைக் கலந்து மெத்தைக்கு அடிப்பவர்கள் உண்டு, எங்களுக்கும் ஒருவர் தருகிறேன் என்றார். தயவுசெய்து வேண்டாம். மூடிய காம்பராவில் பிள்ளைகள் இரவு முழுக்க அதை மூச்சில் இழுப்பார்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம், விறகு அடுப்பு எரியும் வீட்டில் ஒரு பொறி போதும். ஆள் கூப்பிட்டு முறையாக மருந்தடிக்கும் கம்பனிகள் பற்றி என்னால் அதிகம் சொல்ல முடியாது, நாங்கள் கூப்பிடவில்லை. கண்டியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இரண்டு தடவை வந்து அடித்து, ஒழிந்தது என்றார்கள். கேட்டதைத்தான் சொல்கிறேன்.

இனி சுடுதண்ணி. சூடு பெரிய பூச்சி, குஞ்சு, முட்டை என்று பார்க்காது, மூன்றையும் கொல்லும். 60 பாகையில் துவைத்தால் போதும் என்பது பொதுவான கணக்கு. எங்களிடம் துவைக்கும் மெஷினும் இல்லை, சூடு பார்க்கும் கருவியும் இல்லை. இவ்வளவு உயரத்தில் தண்ணீர் 96 பாகை அளவிலேயே கொதித்துவிடும், ஆனாலும் தேவைக்கு மேலேயே இருக்கிறது. பின்பக்கம் விறகு அடுப்பில் அண்டாவை ஏற்றிக் கொதிக்கவைத்து, இறக்கி, உடுப்பை அமுக்கி, மூடி போட்டு அரை மணி நேரம் விட்டோம். திறக்கும்போதும் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி. ஒரே தடவையில் நிறையத் திணித்தால் நடுவில் இருப்பது சூடேறாது. முதல் அண்டாவில் அந்தத் தவறைச் செய்து திரும்ப எல்லாவற்றையும் போட்டேன்.

மரக்கட்டிலைக் கழற்றி வெளியே வைத்து, கேத்தலில் கொதிக்கும் தண்ணீரைப் பூட்டு, சந்து, ஆணி ஓட்டை எல்லாவற்றிலும் மெல்ல ஊற்றினோம். ஊற்றும்போதே மூன்று வெளியே வந்து விழுந்தன. மெத்தையின் தையல் ஓரத்துக்கு ஈரப் பருத்தித் துணி விரித்து, அதன் மேல் அயனை நகர்த்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து எடுத்தேன். ஒரு மெத்தைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. தலைமுடி காயவைக்கும் ட்ரையர் வேண்டாம், காற்று பூச்சியைத் தூக்கி வேறு இடத்தில் போடும்.

இதில் குறை இல்லாமல் இல்லை. மழைக்காலத்தில் விறகு ஈரம், இரண்டு நாளுக்கான விறகு ஒரே நாளில் போனது. சாயம் போகும் உடுப்பு போய்விட்டது. குளிர் ஊர்க்காரருக்குப் பெரிய இழப்பு கம்பளி உடுப்பில்தான். கொதிதண்ணீரில் போட்டால் ஸ்வெட்டர் பொம்மைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கும். மாமியாரின் கம்பளிச் சால்வையையும் ஸ்வெட்டர்களையும் அண்டாவில் போட எனக்கு மனம் வரவில்லை. காய்ந்த துணியைச் சூட்டில் சுழற்றும் ட்ரையர் உள்ள லோண்டரி கிடைத்தால் கொடுத்து, அதிகச் சூட்டில் அரை மணி நேரம் விடச் சொல்லுங்கள். கம்பளி ஈரமில்லாமல் இருக்க வேண்டும், ஈரத்தோடு சுழன்றால் அங்கேயும் சுருங்கும். நாங்கள் ஸ்வெட்டர்களை அப்படிக் கொடுத்துத்தான் காப்பாற்றினோம்.

சால்வையையும் மகனின் சப்பாத்தையும் ஃப்ரீஸருக்குக் கொடுத்தோம். -18 பாகையில் நான்கு முழு நாள் இருந்தால் முட்டையும் சாகும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்தட்டு அந்த அளவுக்குக் குளிராது. கடை வைத்திருக்கும் மாமாவின் பெரிய ஃப்ரீஸரில், பொலித்தீனில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வைத்தோம். அதன் பிறகு அவற்றில் ஒன்றும் காணவில்லை. ஆனால் முதலில் அவற்றில் பூச்சி இருந்ததா என்பதே எனக்குத் தெரியாது, அதனால் ஃப்ரீஸருக்கு இந்த இரண்டு பொருளை வைத்து நான் மார்க் போட மாட்டேன்.

சூட்கேஸ்தான் எல்லா முறைக்கும் அடங்காமல் நின்றது. அட்டை உள்ளே இருப்பதால் தண்ணீர் ஊற்ற முடியாது, பொலித்தீனில் கட்டிப் பரணில் போட்டால் பூச்சி மாதக்கணக்கில் காத்திருக்கும். உள்துணியை முழுதாகப் பிய்த்து அடுப்பில் போட்டு, சில்லு, கைப்பிடிச் சந்துகளைக் கேத்தல் ஆவியில் காட்டித் துடைத்தேன். இப்போது அது வீட்டுக்குள் இல்லை, விறகுக் கொட்டிலில் இருக்கிறது.

சுடுதண்ணி வேலையை இரண்டு சுற்றுச் செய்தோம். முதல் சுற்று முடிந்து சரியாக மூன்று வாரம் கழித்து இரண்டாவது. இடையில் கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, நான்கு காலையும் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிய பால்மா டின்களில் வைத்து, கம்பளி தரையில் தொங்காமல் பார்த்துக்கொண்டோம். முதல் வாரம் டின்னில் இரண்டு குஞ்சு செத்துக் கிடந்தன. அதன் பிறகு எதுவும் இல்லை.

முதல் சுற்றுக்கு முந்தின நாள் பக்கத்துக் காம்பரா அக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். நாலு பேருக்குத் தெரிந்தால் அசிங்கம் என்று அவரிடம் வாரக்கணக்கில் மறைத்து வைத்திருந்த விஷயம். அவர் கோபப்படவில்லை. "தங்கச்சி, அப்ப எங்க செவத்துப் பக்கமும் ஊத்திருவோம், அண்டாவ இங்கிட்டு ஏத்து" என்றார். இரண்டு வீட்டுக் கட்டிலும் ஒரே நாளில் வெளியே வந்தன. அவர்கள் கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் ஆறு முட்டை ஒட்டியிருந்தது. ஆறின் மேலும் கேத்தலைச் சாய்த்தோம்.