வான்படமா, வில்லங்கச் சான்றா? குறைந்த செலவில் மண் மாசு முன்னாய்வு

ஒரு மனையில் மண்ணைத் தோண்டிப் பரிசோதனைக்கு அனுப்பும் முன், அங்கே முன்பு என்ன தொழில் நடந்தது என்பதை ஆவணங்களின் வழியே அறிவதே முன்னாய்வு. பிரிட்டனில் இத்தகவல்களைத் தொகுத்து ஒரே அறிக்கையாக விற்கும் நிறுவனங்கள் உண்டு. குமரி மாவட்டத்தில் நாமேதான் பல இடங்களில் திரட்ட வேண்டும்.

பலர் முதலில் செயற்கைக்கோள் படங்களை நாடுகிறார்கள். அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசையான லேண்ட்சாட்டின் படங்கள் 1972 முதல் உள்ளன. 2008 முதல் இலவசம். ஆனால் அதன் 30 மீட்டர் படப்புள்ளி ஒன்று ஏறத்தாழ 22 சென்ட் நிலத்தை அடக்கிவிடுகிறது; தொடக்க காலப் படங்கள் அதைவிடவும் மங்கல். மார்த்தாண்டத்தில் பத்து சென்டில் இயங்கிய பழைய பட்டறை அதில் தெரியவே தெரியாது. கூகுள் எர்த்தின் பழைய படங்கள் தெளிவானவைதாம்; எனினும் தென்னையும் ரப்பரும் மூடிய விளைகளில் (தோட்ட நிலங்களில்) கூரையைவிட ஓலையே கண்ணில் படும். நாகர்கோவில் வலம்புரிவிளை உரக்கிடங்கு போன்ற பெரிய குப்பை மேட்டின் பரவலைக் காண அவை போதும்.

சிறு மனைக்கு என் தேர்வு, ஒரு சொத்தின்மேல் பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றுதான். பதிவுத்துறையின் இணையதளத்தில் அதைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்; அதில் வரும் கிரையப் பத்திரங்களில் தேவையானவற்றுக்கு மட்டும் பணம் கட்டி நகல் எடுத்தால் போதும். சொத்து விவரத்தில் நான்கெல்லை சொல்லும்போது ‘செங்கல் சூளைக்கு மேற்கு’ என்றோ ‘ரப்பர் புகைக்கூடத்துக்குத் தெற்கு’ என்றோ எழுதியிருந்தால், எந்தப் படமும் தராத சான்று அது. குமரி தமிழ்நாட்டோடு இணைந்த 1956க்கு முந்தைய பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கக்கூடும் என்பதால், அதை வாசிக்கத் தெரிந்தவர் உடனிருப்பது நல்லது. பதினொரு மாத வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பதிவாவதில்லை. வாடகைக்கு இயங்கிய பேட்டரிக் கடை இந்த வலையில் சிக்காமல் போகலாம். அங்கே அக்கம்பக்கத்துப் பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

நிரவப்பட்ட குளங்களுக்கு, இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடத்தையும் ஊரின் நிலங்களைப் புல எண்வாரியாகப் பட்டியலிடும் வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே சிக்கனமான வழி. எதைக் கொட்டிக் குளத்தை மூடினார்கள் என்ற கேள்வி அங்கிருந்துதான் எழும். மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கு மட்டும், புவியியல் ஆய்வுத் துறையின் இலவசத் தளமான பூகோஷை முதலில் திறக்க வேண்டும்: மணலில் கலந்த மோனசைட் என்ற கனிமத்திலுள்ள தோரியத்தால் அங்கே கதிர்வீச்சு இயற்கையாகவே மிகுதி, அதைத் தொழிற்சாலை மாசாகக் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

ஆலைகள் இயங்கத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதிகளான இசைவாணைகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் அவகாசம் இருப்பதால் இம்மனுவையே முதலில் அனுப்பிவிடுவது நல்லது. வாரியம் 1982இல்தான் அமைந்தது என்பதால், அதற்கு முன் மூடப்பட்ட ஆலைக்கு அங்கே இசைவாணை இராது. ‘மாசு உண்டா?’ என்று கேட்காமல், புல எண்ணைக் குறிப்பிட்டு இசைவாணை நகலையும் ஆய்வு அறிக்கை நகலையும் கேட்க வேண்டும். கோப்பில் இருப்பதைத்தான் அவர்கள் தர முடியும்.