உப்புக்காற்றில் பூஸ்ட் கண்ட்ரோலர்: லேத்தில் செய்து மாட்டியது நாள்பட எப்படி உழைக்கிறது

டர்போ என்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்தான் பூஸ்ட்; அதைக் கொஞ்சம் கூட்டி வைக்கும் சின்ன வால்வுதான் பூஸ்ட் கண்ட்ரோலர். குண்டும் ஸ்பிரிங்கும் வைத்த கண்ட்ரோலரைச் செய்வது பெரிய வித்தை இல்லை. விசைப்படகுக்கு வேலை பார்க்கும் எந்த லேத் பட்டறையிலும் கையோடு முடித்துத் தந்துவிடுவார்கள். ஆனால் வண்டி நிற்பது மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் என்றால், செய்வதைவிட அது கெட்டால் எந்தப் பக்கமாகக் கெடும் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். பூஸ்ட் குறைகிற பக்கம் கெட்டால் வண்டி மந்தமாகும், அவ்வளவுதான். எகிறுகிற பக்கம் கெட்டால் டர்போ, ஹெட் கேஸ்கெட், பிஸ்டன் எல்லாமே செலவுக் கணக்கில் வந்துவிடும். உப்பு கெடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது பக்கம்.

எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. டர்போவிலிருந்து வரும் காற்றழுத்தமே நேராக டியூப் வழியாக ஆக்சுவேட்டரைத் தள்ளி வேஸ்ட்கேட்டைத் திறக்கிற வண்டிகளுக்கு மட்டுமே. வேஸ்ட்கேட் என்பது புகையில் ஒரு பங்கை டர்போவைச் சுற்றாமல் விலக்கி விட்டு, பூஸ்ட் ஏறாமல் பார்க்கும் கதவு; ஆக்சுவேட்டர் அதைத் தள்ளித் திறக்கும் கருவி. டர்போவுக்கும் ஆக்சுவேட்டருக்கும் நடுவே நிற்கும் கண்ட்ரோலர், வைத்த அழுத்தம் வரும்வரை குண்டால் காற்றை மறிக்கிறது, அதனால் கதவு தாமதமாகத் திறக்கிறது. பழைய டர்போ டீசல்கள் பலவும் இந்த ரகம். இறக்கை திரும்பும் விஜிடி டர்போவுக்கும் மின்மோட்டார் ஆக்சுவேட்டருக்கும் இதில் வேலையே இல்லை. பெட்ரோல் டர்போவில் நாக்கிங் (எரிபொருள் நேரம் தவறி வெடிப்பது) ஆபத்து இருப்பதால் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. இங்கே சொல்வதெல்லாம் டீசலுக்கு.

உடலுக்கு 16 மி.மீ. அறுகோணப் பித்தளைக் கம்பியில் 50 மி.மீ. நீளம் போதும். டர்போ பக்கத்திலிருந்து 4 மி.மீ. ஓட்டை, எதிர்ப்பக்கத்திலிருந்து 8 மி.மீ. ஓட்டை. இரண்டும் சந்திக்கும் விளிம்புதான் குண்டு உட்காரும் இடம். குண்டு 6 மி.மீ. அதைச் சுற்றி 1 மி.மீ. இடைவெளி இருப்பதால் காற்று தாராளமாகப் போகும். விளிம்பில் ஒரு குண்டை வைத்து, பித்தளைக் கம்பியால் லேசாக ஒரே தட்டு தட்டினால் இருக்கை படிந்துவிடும். தட்டிய குண்டைப் போட்டுவிட்டு வேறு குண்டு வைக்க வேண்டும். 8 மி.மீ. பக்கத்து வாயை மூடும் திருகின் நடுவில் எம்6 போல்ட்டும் லாக் நட்டும். ஆக்சுவேட்டருக்குப் போகும் முனை, குண்டைத் தாண்டி பக்கவாட்டில் வர வேண்டும்.

ஸ்பிரிங்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "பூஸ்ட்டைத் தாங்க வேண்டாமா" என்று தடித்த ஸ்பிரிங்காகத் தேடுவார்கள். கணக்கு வேறு. குண்டின் இரு பக்க அழுத்த வித்தியாசத்தை மட்டுமே ஸ்பிரிங் தாங்குகிறது. ஆக்சுவேட்டர் தானாகத் திறக்கும் அழுத்தத்துக்கு மேல் எவ்வளவு கூட்டுகிறோமோ அதுதான் அதன் சுமை. 0.2 பார், அதாவது 3 பி.எஸ்.ஐ. கூட்ட, 4 மி.மீ. ஓட்டையின் மேல் சுமார் 25 கிராம் விசை போதும். பேனா ஸ்பிரிங்கே தாராளம். அதை வெட்டிச் சின்னதாக்கினால் மென்மையாகாது, இன்னும் விறைப்பாகும். போல்ட்டைச் சிறிது திருகினாலே பூஸ்ட் குதிக்கும். முழு நீளத்தையும் அப்படியே வைத்து, அதற்கேற்ப உடலை ஆழமாகக் குடையச் சொல்லுங்கள்.

அடுத்தது ஒழுகு ஓட்டை. ஆக்ஸிலேட்டரை விட்டதும் டியூபில் சிக்கிய காற்று வெளியேறினால்தான் வேஸ்ட்கேட் மூடும். அதற்கு 1 மி.மீ. ஓட்டை, குண்டுக்கும் ஆக்சுவேட்டருக்கும் நடுவில் இருக்க வேண்டும். டர்போ பக்கத்தில் போட்டால் அது வெறும் கசிவு. மதுரையில் இதை வெளியே திறந்து விட்டாலும் பரவாயில்லை. இங்கே கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் உப்பும் நுண்மணலும் படிந்து அடைத்துக்கொள்ளும். வண்டி நிற்கும்போது அதே வழியாக ஈரம் உள்ளே போய்க் குண்டைத் தொடும். அதனால் ஓட்டைக்கு மேல் ஒரு முனை வைத்து, ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள குழாயில் டியூபால் சேர்த்துவிடுவதே சரி. அப்போது வடிகட்டிய காற்றைத் தவிர எதுவும் உள்ளே வராது. நீண்டநாள் ஓட்டத்தில் இந்த ஒரு மாற்றத்துக்கு ஈடாக வேறு எதையும் சொல்ல முடியாது.

பேரிங் குண்டு வேண்டாம். அது குரோம் எஃகு, ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் துரு பிடித்து இருக்கையோடு ஒட்டும். ஒட்டினால் ஆக்சுவேட்டருக்குக் காற்றே போகாது, பூஸ்ட் எகிறும். 316 ஸ்டெயின்லெஸ் குண்டு நிற்கிறது. வாங்கிய குண்டின் மீதும் ஸ்பிரிங்கின் மீதும் சந்தேகம் இருந்தால், ஒரு டம்ளர் கடல்தண்ணீரில் இரண்டு நாள் போட்டு எடுத்தால் சாயம் வெளுத்துவிடும். காந்தம் வைத்துப் பார்ப்பதை நம்ப வேண்டாம், நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங்கிலும் காந்தம் லேசாகப் பிடிக்கும். பித்தளை உடலில் பச்சைக் களிம்பு ஏறும், அது வெளித்தோற்றம் மட்டுமே. முலாம் பூசிய இரும்பு கிளிப் சீக்கிரம் உளுத்துவிடும், ஸ்டெயின்லெஸ் கிளிப் போடுங்கள். டியூபுக்கு 4 மி.மீ. உள்ளளவு சிலிக்கான். மீன்தொட்டி டியூப் வெப்பத்தில் இளகிக் கழன்றுவிடும். கழன்றாலும் பூஸ்ட் எகிறும் என்பதை மறக்கக்கூடாது. மரையில் டெஃப்லான் டேப் சுற்றினால் முதல் இரண்டு மரையை விட்டுச் சுற்ற வேண்டும். பிய்ந்த இழை ஒன்று குண்டுக்கடியில் மாட்டினாலும், ஒழுகு ஓட்டையை அடைத்தாலும், செட்டிங் தாறுமாறாகும்.

வண்டியில் மாட்டுமுன் மேசையில் சோதிக்கலாம். ரெகுலேட்டர் வைத்த கம்ப்ரசரை ஆக்சுவேட்டரில் நேராகக் கொடுத்து, ராடு நகரத் தொடங்கும் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நடுவில் கண்ட்ரோலரை வைத்து, ஒழுகு முனையை விரலால் அடைத்து, மறுபடி பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கூட்டியிருக்கும் பூஸ்ட். போல்ட்டை முழுக்கத் தளர்த்தி ஆரம்பித்து, ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். வண்டியில் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து டியூப் எடுத்து பூஸ்ட் கேஜ் மாட்டாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. நேரான, ஆளில்லாத சாலையில் நான்காவது கியரில் 1500 ஆர்.பி.எம்.மிலிருந்து முழு மிதி கொடுத்து முள்ளைப் பார்க்க வேண்டும். ஓட்ட ஒருவர், கேஜைப் பார்க்க ஒருவர். பாம்பன் பாலம் இதற்கான இடம் இல்லை.

பலன் எவ்வளவு? பூஸ்ட்டை ஏற்றுவதால் வருவதைவிட, வேஸ்ட்கேட் முன்கூட்டியே கசியாமல் இறுக மூடியிருப்பதால் வருவதே அதிகம். ஐஸ் பெட்டி ஏற்றிய வண்டியும் ஏசி போட்டு ஆள் நிறைந்த வண்டியும் கீழ் ஆர்.பி.எம்.மிலேயே பிடித்து இழுக்கும், கரும்புகை குறையும். டீசல் கூடாமல் காற்று மட்டும் கூடினால் உச்ச சக்தி பெரிதாக ஏறாது. பழைய பூஸ்ட்டோடு 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் கூட்டினால் சிறிய டர்போ காற்றைவிடச் சூட்டைத்தான் கூடுதலாகத் தரும். கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் காமன் ரெயில் டீசல் வண்டி, பூஸ்ட் அதிகம் என்னும் பி0234 கோடு போட்டு, சக்தியைக் குறைத்து ஓடும் லிம்ப் மோடுக்குப் போய்விடும். அதை ஏமாற்ற, பூஸ்ட்டை அளக்கும் மேப் சென்சார் டியூபில் ஓட்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது வண்டியின் கண்ணைக் கட்டிவிட்டு ஓட்டுவதுதான். தனுஷ்கோடிச் சாலையில் அடிக்கடி போகும் வண்டிக்கு ஏர் ஃபில்டரும், உப்பு அரித்த இன்டர்கூலரும் சரியாக இருந்தாலே பாதிக் குறை தீரும். முதலில் அவற்றைப் பாருங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. இன்சூரன்ஸ் க்ளெய்மிலும் இது கேள்வியாக வரலாம்.

பராமரிப்பு என்றால், எண்ணெய் மாற்றும்போதெல்லாம் கண்ட்ரோலரைக் கழற்றி, கார்ப் கிளீனர் அடித்து, உலுக்கிப் பார்ப்பது. குண்டு கலகலவென்று ஆட வேண்டும். டீசல் என்ஜினில் பிரீதர் (என்ஜின் ஆவி வெளியேறும் குழாய்) வழியாக எண்ணெய் ஆவி வந்து துருவைத் தடுக்கும், ஆனால் கெட்டியானால் குண்டைப் பிசின்போல் பிடிக்கும். வாடைக்காற்று தொடங்குமுன் ஒரு தடவை கூடுதலாகப் பார்ப்பது நல்லது. டேஷ்போர்டில் ஒரு முழம் சிலிக்கான் டியூபும் இரண்டு கிளிப்பும் எப்போதும் கிடக்கட்டும். கேஜ் முள் வழக்கத்தைத் தாண்டினால் உடனே காலை எடுத்து, ஓரங்கட்டி, சூடு தணிந்ததும் டர்போவையும் ஆக்சுவேட்டரையும் அந்த டியூபால் நேராக இணைத்து, ஏர் ஃபில்டர் குழாயில் ஒழுகு டியூப் மாட்டியிருந்த முனையை அடைத்துவிட்டால் பழைய பூஸ்ட்டிலேயே வீடு வந்து சேரலாம்.