லான் டிராக்டர், ஜீரோ டர்ன், பேட்டரி: புல்வெட்டிச் சந்தையில் யார் கை ஓங்குகிறது?

அமெரிக்காவில் அரை ஏக்கர், அதாவது நம் கணக்கில் 50 சென்ட் புல்தரை இருந்தால் போதும். வீட்டுக்காரர் புல்வெட்டியைத் தள்ளமாட்டார், ஏறி உட்கார்ந்து ஓட்டுவார். இந்தப் பெட்ரோல் ரைடிங் மோவர்களுக்கு உலகிலேயே பெரிய சந்தை அதுதான். தயாரிப்பிலும் பெரும்பங்கு அங்கேயே நடக்கிறது. அமெரிக்க நிறுவனமான ஜான் டியர், ஸ்டீயரிங் வைத்த தன் லான் டிராக்டர்களை டென்னசியின் கிரீன்வில்லிலும் விஸ்கான்சினின் ஹோரிகானிலும் செய்கிறது. காரணம் எளிது: இடத்தை அடைக்கும் வண்டி இது. கன்டெய்னரில் ஏற்றினால் காற்றுக்கும் சேர்த்துத்தான் கப்பல் வாடகை. தள்ளிக்கொண்டு போகும் புல்வெட்டிகளின் சந்தைக்குள் எளிதாக நுழைந்த சீனச் சரக்கு இதில் திணறியது அதனால்தான்.

முதல் போட்டி இரண்டு பெட்ரோல் வண்டிகளுக்குள்ளேயே. லான் டிராக்டர் பழைய ஆள். ஜான் டியர் தன் 110 மாடலை 1963-இல் கொண்டுவந்தது. ஸ்டீயரிங் பிடித்து ஓட்டலாம், பின்னால் சின்ன டிரெய்லரும் மாட்டலாம். ஜீரோ டர்னில் ஸ்டீயரிங்குக்குப் பதில் இரண்டு லீவர்கள். பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனி ஹைட்ராலிக் இயக்கம் இருப்பதால் நின்ற இடத்திலேயே பம்பரம்போல் சுற்றும். மரங்கள் நிறைந்த தோட்டத்தில் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் முன்சக்கரங்கள் சூப்பர் மார்க்கெட் டிராலிச் சக்கரம் மாதிரி தானாகத் திரும்புபவை. ஈரமான சரிவில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டி நம் பேச்சைக் கேட்காது. சமதளமென்றால் ஜீரோ டர்ன், மேடுபள்ளமென்றால் டிராக்டர் என்பது என் கணக்கு.

பணம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒருகாலத்தில் ஒப்பந்தக்காரர்களின் வண்டியாக இருந்த ஜீரோ டர்ன், விலை இறங்கி வீடுகளுக்குள் வந்துவிட்டது. ஹஸ்லர் ஜீரோ டர்ன் செய்யும் எக்செல் நிறுவனத்தை 2021-இல் 37.5 கோடி டாலருக்கு ஸ்டான்லி பிளாக் & டெக்கர் வாங்கியது. மறுவருடமே ஸ்பார்ட்டன் ஜீரோ டர்ன்களின் தாய் நிறுவனத்தை வாங்க, புல்வெட்டி நிறுவனமான டோரோ 40 கோடி டாலர் கொடுத்தது.

அமெரிக்காவில் விற்காததை ஐரோப்பாவில் தள்ளிவிடலாமே என்று கேட்கலாம். முடியாது. அமெரிக்கர் வெட்டிய புல்லைப் பக்கவாட்டில் வீசிவிட்டுப் போவார். ஐரோப்பியர் பின்னால் பெட்டியில் சேர்த்தே பழகியவர். இத்தாலியின் ஸ்டிகா போன்றவர்கள் வண்டியையே அதற்கேற்ப வடிவமைக்கிறார்கள். போதாததற்கு எஞ்சின் புகைக்கு அங்கே தனி விதி வேறு.

உண்மையான வர்த்தகச் சண்டை வண்டியில் இல்லை, எஞ்சினில். முழு வண்டியை அனுப்பினால் கட்டுப்படியாகாது. எஞ்சினை மட்டும் அனுப்பினால் கட்டுப்படியாகும். சீன எஞ்சின்கள் அப்படித்தான் வந்தன. நூற்றாண்டு கண்ட அமெரிக்க எஞ்சின் நிறுவனம் பிரிக்ஸ் & ஸ்ட்ராட்டன் 2020 ஜூலையில் திவால் பாதுகாப்பு கேட்டது. அதற்குக் கடன்சுமை உள்ளிட்ட வேறு காரணங்களும் உண்டு. பழியை முழுக்கச் சீனாமேல் போடுவது நியாயமில்லை. அந்த நிறுவனமும் இன்னொரு அமெரிக்க எஞ்சின் நிறுவனமான கோலரும் கொடுத்த புகாரின் பேரில், 225 முதல் 999 சிசி வரையான சீன வெர்டிகல் ஷாஃப்ட் (சுழல்தண்டு செங்குத்தாக இருக்கும்) எஞ்சின்களுக்கு 2021-இல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி, அதாவது நியாய விலைக்குக் கீழே கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்கும் வரி, வந்தது. ரைடிங் மோவரில் உட்காரும் எஞ்சின் சரியாக இந்த அளவுதான். ஜப்பானியப் பெயர் தாங்கிய கவாசாகிக்கு இந்தக் கவலையில்லை. மிசௌரியின் மேரிவில்லிலேயே எஞ்சின் செய்கிறது.

ஆனால் எஞ்சினே இல்லாத வண்டியை அந்த வரி என்ன செய்யும்? ஹாங்காங்கின் டிடிஐ ரியோபி பெயரிலும், நான்ஜிங்கின் செர்வான் ஈகோ பெயரிலும் பேட்டரி ரைடர்களை விற்கின்றன. ஈகோவின் ஜீரோ டர்ன் 2021-இல் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியா ஆளுநர் கையெழுத்திட்ட சட்டம், 2024 மாடல் முதல் புதிய சிறு எஞ்சின் தோட்டக் கருவிகள் புகையே விடக்கூடாது என்ற விதிக்கு வழிசெய்தது. எஞ்சின்காரர்கள் முன்வாசலைப் பூட்டிய வருடத்திலேயே பின்வாசல் திறந்துகொண்டது. ஸ்வீடனின் ஹுஸ்க்வர்னா, லாபம் குறைந்த பெட்ரோல் வீட்டுபயோக வண்டிகளிலிருந்து விலகுவதாக 2022-இல் அறிவித்தது.

அதற்காகப் பெட்ரோலுக்கு இப்போதே பாடை கட்டத் தேவையில்லை. நாளுக்குப் பத்துப் பதினைந்து தோட்டம் வெட்டுகிற ஒப்பந்தக்காரருக்கு இரண்டு நிமிடத்தில் டேங்க் நிரம்புவது பெரிய விஷயம். மதியம் சார்ஜ் ஏறக் காத்திருந்தால் கூலி போய்விடும். பேட்டரி ஜெயிப்பது அரை ஏக்கர் வீட்டில்தான். அங்கேயும் ஒரு சிக்கல்: கராஜில் கிடக்கும் பழைய பெட்ரோல் வண்டியை ஓட்டக் கலிஃபோர்னியா விதிகூடத் தடை போடவில்லை. பிளேடு தீட்டி எண்ணெய் மாற்றினால் அது இன்னும் சில கோடை ஓடும்.